காலஞ்சென்ற எழுத்தாளர் எடுத்த படம்

கதைக்காரர் காலமானது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை வழக்கம்போலக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து வாரிய அலுவலகத்துக்குப் போனார். மூன்றாம் மேசையில் இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டார். தான் இறந்துவிட்டதற்கான சான்றிதழை மடங்காமல் ஒரு பழைய பத்திரிகைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. உயிரோடு இருந்தபோது அந்த அலுவலகத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாவு அவருக்கு எவ்வளவு சுலபமாக அமைந்தது என்று.

அவர் ஐந்து நாவல்கள் எழுதியிருந்தார், மூன்று படங்கள் எடுத்திருந்தார். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால், "இவர் சினிமாக்காரர், எழுதவும் செய்வார்" என்று அறிமுகப்படுத்துவார்கள். படப்பிடிப்புக்குப் போனால், "பாவம், எழுத்தாளர். டைரக்‌ஷனும் பண்றார்" என்று லைட்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டு பந்தியிலும் இலை போடாத விருந்தாளியாகவே அவருக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. தெருவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பமே இல்லை. எழுதினாலும் எடுத்தாலும் கதைதானே என்று அவர்கள் 'கதைக்காரர்' என்று ஒரே பெயரில் முடித்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவர் வீட்டு முன்னால் ஓர் இரும்பு கேட் இருந்தது. மூடினால் குட்டையாக ஒரு சத்தம், திறந்தால் நீளமாக ஒரு சத்தம். அவருடைய ஒரே மகள் நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தக் கேட்டைப் படுத்தி எடுப்பாள். நீளச் சத்தம் கேட்டதும் அவள் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்பாள். தன் வாய் அப்படிச் சொல்வது அவளுக்கே தெரியாது, அவ்வளவு பழக்கம். எட்டு வயதில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருத் தோழியிடம் இரவல் வாங்கிய கலர் பென்சில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண் கிளம்பினாள். குட்டைச் சத்தம் கேட்டது. தெருமுனையில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்டை மூடவில்லை. கதைக்காரர் அதைத் திறந்தபடி வைத்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தார். மூடாத கேட்டுக்குத் திறக்கிற சத்தமும் கிடையாது அல்லவா? இருபது வருடமாகச் செங்கல் அங்கேயே இருக்கிறது.

மறு வருடம் அவர் அதை நாவலாக எழுதினார். ஓர் அம்மா வாசலில் நின்று நீளச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள், அது வரவில்லை, அதோடு நாவல் முடிகிறது. படித்தவர்கள் எல்லாம் அந்த முடிவைத்தான் கொண்டாடினார்கள். நாவலுக்குப் பரிசும் வந்தது. மனைவி மட்டும் அதைத் தொடவில்லை. ஏன் என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீங்க எழுதி முடிச்சுட்டீங்க. நான் இன்னும் முடிக்கல" என்றாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வருடம் கண் டாக்டர் அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டு வருகிறது என்றார். நடுவில் மட்டும் கொஞ்ச நாள் வெளிச்சம் நிற்குமாம். ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். அன்று அவளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வாசலுக்கு வந்து, செங்கல்லைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கதையப் படமா எடுங்க. அவ நடக்கிறத, ஓடுறத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். அப்புறம் கண்ணு போனாப் போகட்டும்."

எடுக்கிறேன் என்றார் அவர்.

"இன்னொண்ணு. கடைசில அந்தக் கேட்டு தொறக்கட்டும்ங்க. அவ வர வேண்டாம். யாருமே வர வேண்டாம். சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

இதுதான் அவள் கேட்டது. இருபது வருடத்தில் அவள் அவரிடம் வேறு எதுவும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. ஒரு இரும்பு கேட் திறக்கிற சத்தம். இதைக் கொடுக்க முடியாவிட்டால் எதற்கு நாவல், எதற்கு சினிமா என்று அவர் அன்றே உட்கார்ந்து திரைக்கதை எழுதத் தொடங்கினார். பத்தே நாளில் முடித்தும் விட்டார். அப்புறம்தான் வாரியம் வந்தது.

இலக்கியத் தழுவல் நம்பகக் காப்பு வாரியம் என்பது அதன் முழுப் பெயர். நல்ல நாவல்களைச் சினிமாக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. பரிசு பெற்ற எந்த நாவலையும் அதன் அனுமதி இல்லாமல் படமாக்க முடியாது. பரிசு வாங்கும் அன்றே எழுத்தாளரிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கிவிடுவார்கள்: 'இந்நூலின் எந்த நிகழ்ச்சியையும் எவரும் எக்காலத்தும் மாற்ற அனுமதியேன்.' கதைக்காரரும் அன்று மேடைக்குப் பின்னால் நின்றபடியே, யாரோ நீட்டிய பேனாவால், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். மகளைப் பறிகொடுத்து இரண்டு வருடம்கூட ஆகாத மனுஷன் எந்தத் தாளைப் படித்துப் பார்ப்பான்?

அந்த அலுவலகத்தில் ஏழு மேசைகள் இருந்தன. தழுவல் விண்ணப்பங்கள் மூன்றாம் மேசைக்கு. அங்கே இருந்தவர் நல்ல மனிதர், பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி விண்ணப்பக்காரருக்கும் கொடுப்பார். அவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எழுத்தாளரிடமிருந்து ஒரு படிவம், இயக்குநரிடமிருந்து ஒரு படிவம், ஆக இரண்டு வேண்டும் என்றார். இரண்டும் நான்தான் என்றார் கதைக்காரர். அது தெரிகிறது, ஆனால் படிவம் இரண்டு என்றார் மூன்றாம் மேசைக்காரர். இரண்டு புகைப்படம், இரண்டு முகவரி. ஒரே படத்தை இரண்டிலும் ஒட்டினால் ஆள்மாறாட்டம் என்று திருப்பிவிடுவார்களாம்.

கதைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தாளராக ஒரு படமும், கண்ணாடியைக் கழற்றி இயக்குநராக ஒரு படமும் எடுத்துக் கொடுத்தார். எழுத்தாளரின் முகவரியாக மச்சினன் கடையைப் போட்டார்கள். மனைவியின் தம்பி கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தான். "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரா இருக்கிறவங்களப் பாத்திருக்கேன் மாமா. கவர்மெண்டே பிரிச்சு வைக்கிறத இப்பத்தான் பாக்கிறேன்" என்று சிரித்தான் அவன். அப்போது எல்லாருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் உறுப்பினர்களும், இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். இடது நாற்காலியில் 'எழுத்தாளர்' என்றும் வலது நாற்காலியில் 'இயக்குநர்' என்றும் அட்டை ஒட்டியிருந்தது. எழுத்தாளரைக் கேட்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடதில் உட்கார வேண்டும். இயக்குநரைக் கேட்டால் கழற்றிவிட்டு வலதுக்குப் போக வேண்டும். கண்ணாடி இல்லாமல் கதைக்காரருக்குப் பத்தடிக்கு அப்பால் புகைதான், ஆகவே இயக்குநர் ஒவ்வொரு முறையும் தடவித் தடவித்தான் உட்கார்ந்தார். இவர் எப்படிக் காமிரா பார்க்கிறார் என்று ஓர் உறுப்பினர் சந்தேகத்தைக் குறித்துக்கொண்டார்.

தலைவர் அதற்கு முன் எடை அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். படத்தின் முடிவில் கேட் திறக்கும் என்று திரைக்கதையில் இருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டி, இதற்கு எழுத்தாளர் சம்மதிக்கிறாரா என்று கேட்டார். சம்மதம்தான், நான்தானே கேட்கிறேன் என்றார் இடது நாற்காலியில் இருந்த கதைக்காரர்.

"அவருக்காக நீங்க பேசாதீங்க" என்றார் தலைவர் கனிவாக. "எழுத்தாளர்கள் மென்மையானவங்க. சினிமாக்காரங்க நாலு வார்த்தை நல்லதாப் பேசினா தலைய ஆட்டிடுவாங்க. அதுக்குத்தான் வாரியம்னு ஒண்ணு இருக்கு. அந்த இயக்குநர் உங்கள மிரட்டினாரா?"

"இல்ல சார்."

"பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்று தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

கதைக்காரர் தன் மனைவியின் கண்ணைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். அவள் யாருடைய மனைவி என்று கேட்டார்கள். எழுத்தாளரின் மனைவி என்றால் இயக்குநர் ஏன் அவளுக்காகப் படம் எடுக்கிறார் என்பது விளக்கப்பட வேண்டும். இயக்குநரின் மனைவி என்றால் எழுத்தாளருக்கு அதில் அக்கறை இருக்க நியாயமில்லை. அவர் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டு பதில் சொல்லப் பார்த்தார். நடுவில் நிற்பதற்கு நடைமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டக் குறிப்பு பிறகு மச்சினன் கடைக்கு வந்தது. 'இரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒருவர் வந்து அமர்ந்ததும் மற்றவர் வெளியேறினார். பேச்சு வார்த்தை அறவே இல்லை. பகை முற்றிய நிலை என வாரியம் கருதுகிறது. மனக்கசப்பு ஆற மூன்று மாத காலம் வழங்கப்படுகிறது.' அந்த மூன்று மாதத்தில் மனைவிக்குப் பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கினாள். இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "படம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாள். வந்துகொண்டிருக்கிறது என்பார் அவர்.

மனக்கசப்பு ஆறிவிட்டதா என்று பார்க்க வாரியத்திலிருந்து ஒரு அளவையாளர் வீட்டுக்கே வந்தார். இயக்குநர் வீட்டில் எழுத்தாளரின் சட்டை கொடியில் காய்வதைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்தாளரை அடைத்து வைத்திருக்கலாம் என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். கடைசியில் எழுத்தாளரின் பாதுகாப்பை முன்னிட்டு முன்னறையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மேசை இருந்த பக்கம் எழுத்தாளருக்கு, கட்டில் இருந்த பக்கம் இயக்குநருக்கு. அடுப்படி பொது. அப்படியானால் தட்டு எத்தனை வைப்பது என்று மனைவி கேட்டாள். அதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக எழுதிக்கொண்டு போனார்.

கோட்டை அழிக்கக் கதைக்காரருக்கு மனம் வரவில்லை. பயம்தான். இவர்கள் மறுபடி வந்து பார்த்தால் இன்னும் மூன்று மாதம் போய்விடும். மனைவிக்கு அந்தக் கோடு தெரியவில்லை. அவள் அதன் மேலேயே நடந்து நடந்து பத்து நாளில் தானாக அழிந்துபோனது.

எட்டாவது மாதம் மூன்றாம் மேசைக்காரர் அவரை வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எழுத்தாளர் இருக்கிற வரைக்கும் இந்த ஃபைல் நகராது. அவர் இறந்துட்டா ரொம்ப சுலபம். வாரிசு ஒரு கையெழுத்துப் போட்டா, முடிவ மாத்தக்கூட அனுமதி கேக்கலாம்."

கதைக்காரர் அவரையே பார்த்தார்.

"நிஜமா இல்ல சார். பத்து வருஷமா புது நாவல் எழுதாத எழுத்தாளர, இயங்காதவர்னு பதிஞ்சு, அப்புறம் காலமானவராக் கருதலாம்னு ஒரு விதி இருக்கு. நீங்க எழுதிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு மனு கொடுத்தாப் போதும். நானே எழுதித் தரேன்."

பதினோரு வருடம் என்பதை இந்த மனிதர் எப்படி எண்ணி வைத்திருக்கிறார் என்று கதைக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரே எண்ணியிருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் அதே வாசலில் போய் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதவில்லை என்று யாரிடம் சொல்வது? மனுவில் அதற்கு இடமும் இல்லை. கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு மனைவியிடம் சொன்னார். வாரிசுக்கான படிவத்தில் 'காலஞ்சென்ற எழுத்தாளரின் விதவை' என்று அச்சடித்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். படித்துக் காட்டாமலே கையைப் பிடித்துப் போட வைத்திருக்கலாம். அவளுக்கு அச்செழுத்து தெரிவது நின்றுபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் ஒரு தாளில் அவளை அப்படி ஆக்க அவரால் முடியவில்லை, முழுவதும் படித்துக் காட்டினார்.

அவள் வெகு நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ செத்ததுக்கும் இப்படி ஒரு தாள் கொடுத்தாங்க. அப்பவும் நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க" என்றாள். "எங்க போடணும், கைய வைங்க."

அவர் அவள் விரலை எடுத்து அந்த வரியில் வைத்தார். தன் பெயரை எழுதி முடித்ததும் அவள் அதே கையால் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மத்தியானத் தூக்கம் போடவில்லை, அவளும் பிடியை விடவில்லை.

வாரியத்தின் சட்டதிட்டத்தில், பரிசு பெற்ற எழுத்தாளர் இறந்தால் இரங்கல் கூட்டம் கட்டாயம். மச்சினன் கடைக்கே ஆர்டர் போனது. கண்ணாடி போட்ட படத்தைப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டிருந்த மச்சினன் அந்தப் படத்துக்குச் சட்டம் அடிக்கும்போது சிரிக்கவில்லை. ஆணி அடிக்கக் கை வரவில்லை என்று பசை போட்டு ஒட்டினான். "கூட்டத்துக்கு நீங்க வராதீங்க மாமா" என்றான். ஆனால் படத்தின் இயக்குநர் என்ற முறையில் அவருக்கு அழைப்பு வந்திருந்தது, போகாவிட்டால் அதையும் குறிப்பில் எழுதுவார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேடையில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது.

தலைவர் அரை மணி நேரம் பேசினார்.

"காலஞ்சென்ற எழுத்தாளரை நான் நன்கு அறிவேன். என் முன்னால் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நாவலை நான் படித்ததில்லை. காவல் காப்பவன் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. படித்தால் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் நடுநிலை போய்விடும். இன்று மனம் திறந்து ஒன்று சொல்கிறேன். உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களால் வாரியத்துக்கு ஏற்படும் தொல்லை கொஞ்சமல்ல. அவர்கள் மனம் மாறுகிறார்கள். திருத்துகிறார்கள். வயதாக ஆக அவர்களுக்கு இரக்கம் வந்துவிடுகிறது. ஆனால் இறந்த எழுத்தாளர் ஒருவர்கூட இதுவரை தன் நூலில் ஒரு வரியை மாற்றக் கேட்டதில்லை. அந்த உயர்ந்த நிலையை இவர் அடைந்துவிட்டார். வாரியம் பெருமைப்படுகிறது."

பலமாகக் கை தட்டினார்கள். பிறகு இயக்குநரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கதைக்காரர் எழுந்து, படிக்கட்டைக் காலால் துழாவி மேடை ஏறினார். அந்தக் கறுப்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று எதையாவது சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தார். வாய் வேறு எதையோ பேசிவிட்டது.

"இவர் ஒரு தப்பு பண்ணிட்டாருங்க. கதை நல்லா முடியணும்னு, ஒரு அம்மாவ வாசல்லயே நிக்க வச்சுட்டுப் போயிட்டாரு. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, இவரும் நம்பிட்டாரு. அவ இருபது வருஷமா அங்கேயே நிக்கிறா. அவள உள்ள கூப்பிடணும்னுதான் நான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவாகியிருந்தது: 'துக்க நிகழ்ச்சியிலும் இயக்குநர் எழுத்தாளரைக் குறை கூறினார். இறப்பும் இவர்களின் பகையைத் தணிக்கவில்லை.' கூட்டம் முடிந்ததும் தலைவர் வந்து மனைவியின் கையைப் பிடித்து, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அவள் ஆமாம் என்றாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. வாரிசின் சம்மதம் ஏற்கப்பட்டது, படம் எடுக்கலாம். ஆனால் இறந்த எழுத்தாளரின் நூல் பொதுச்சொத்தாகிவிடுவதால், அதில் ஒரு நிகழ்ச்சியை மாற்றுவதற்கு வாரிசுக்கும் உரிமை இல்லை. கேட் திறக்கக் கூடாது. படம் முழுவதையும் நாவலோடு ஒப்பிட்டு வாரியம் சரிபார்க்கும். முடிவில் வாரியத்தின் தலைவர், உறுப்பினர், முன்னாள் உறுப்பினர் என அறுபத்தெட்டுப் பெயர்கள், பட்டங்களோடு, கறுப்புத் திரையில், மரியாதை நிமித்தம் இசை எதுவும் இன்றி, நான்கு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும்.

மூன்றாம் மேசைக்காரருக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முகமே இல்லை. இப்படி ஒரு விதி இருப்பது தனக்குத் தெரியாது, போன மாதம்தான் சேர்த்திருக்கிறார்கள் என்றார். தேநீர் ஊற்றினார், அது ஆறிப்போனது. உங்களைச் சாகடித்ததுதான் மிச்சம் என்றார். கதைக்காரருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. யார் மேல்தான் வரும், எங்கே போய் முட்டிக்கொள்வது? எழுந்து கிளம்பும்போது அந்த ஆள் ஃபைலைக் கட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"இந்த நாலு நிமிஷப் பேரு எல்லாப் படத்துலயும் வருது சார். அது ஓடும்போது ஹால்ல ஒருத்தர்கூட இருந்து நான் பாத்ததில்ல. பேரு போட்டவங்களே இருக்க மாட்டாங்க. மாடில சாப்பாடு இருக்கும்."

சொல்லிவிட்டு நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுவதில் மும்முரமாகிவிட்டார்.

படப்பிடிப்பு நாற்பது நாள் நடந்தது. ஒரு நாள் மனைவியை மச்சினன் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். மகளாக நடித்த சிறுமியை அவள் பக்கத்தில் கூப்பிட்டாள். கண்ணுக்கு நேராக, மிக அருகில், முகத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு திருப்பி உட்கார வைத்து, விரலாலேயே வகிடு எடுத்துத் தலை பின்னிவிட்டாள். பின்னல் ஒரு இழைகூடக் கோணவில்லை. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அடுத்த மாதம் அந்த நிழலும் போனது. படத்தொகுப்பு முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கதைக்காரர் அன்று தனியாகத் தொகுப்பு அறையில் உட்கார்ந்து அழுதார். திரையில் மகள் ஓடிக்கொண்டிருந்தாள், பார்க்க வேண்டியவள் இனிப் பார்க்க மாட்டாள். எட்டு மாதம், இரண்டு நாற்காலி, ஒரு சாக்பீஸ் கோடு. அவள் கேட்ட இரண்டில் ஒன்றை அவர்கள் தின்றுவிட்டார்கள்.

ஒரு காலையில், மச்சினன் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நேரத்தில், அவர் ஒலிப்பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்தார். செங்கல் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. குத்திப் பெயர்க்க வேண்டியிருந்தது. துரு ஏறிய கேட் அசையவில்லை, எண்ணெய் விட்டால் சத்தம் செத்துவிடும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். திறக்க வேண்டுமானால் முதலில் மூட வேண்டும். குட்டைச் சத்தம் கேட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு திறந்தார். நீளமாக, வளைந்து, கடைசியில் கொஞ்சம் தேம்பி, அது அப்படியே இருந்தது. இன்னொரு டேக் எடுக்கலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். எதற்கும் ஏழு டேக் கேட்கிற கதைக்காரர், வேண்டாம் என்றார். செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தார்.

வாரியம் படம் பார்த்தது ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு. உறுப்பினர்கள் மடியில் நாவலை விரித்து, சின்ன டார்ச் அடித்துப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள். திரையை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. கடைசி வரிசையில் கதைக்காரரும் மனைவியும். மகள் படிக்கட்டில் ஓடினால், "ஓடுறா" என்று அவர் அவள் காதில் சொன்னார். "எனக்குக் கேக்குது" என்றாள் அவள். முடிவில் அம்மா வாசலில் நின்றாள். கேட் மூடியிருந்தது, மூடியபடியே இருந்தது. திரை கறுத்தது.

"எடை சரியா இருக்கு" என்று தலைவர் எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். நாவல்களை மூடும் சத்தம், செருப்புச் சத்தம், மாடிப்படியில் பேச்சுச் சத்தம். ஆட்டோ பிடிக்க மச்சினன் வெளியே போனான். சரிபார்ப்பு அறிக்கை எழுதுவதற்காக மூன்றாம் மேசைக்காரர் மட்டும் அட்டையும் பேனாவுமாகக் கதவோரம் நின்றார். அறுபத்தெட்டில் அவர் பெயர் கிடையாது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி. அவள் குரலில் ஒன்றும் இல்லை. கேட் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இல்ல. பேரு ஓடுது."

"யாரு பேரு?"

"வாரியத்துக்காரங்க."

"நெறைய பேரோ?"

"கொஞ்சம் இரு" என்றார்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் பட்டங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போயின. கடைசிப் பெயரும் போய்த் திரை வெறும் கறுப்பானது. அப்போது கேட் திறந்தது. நீளமாக, வளைந்து, கடைசியில் கொஞ்சம் தேம்பி.

அவள் திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள்.

மூன்றாம் மேசைக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு அட்டையைச் சுவரில் வைத்து, 'நாவலிலிருந்து மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிடாமல், கதவைச் சாத்தாமல் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.